சித்தப்பாவின் மஞ்சள் பை: முதியவர்களுக்கான வைட்டமின் மாத்திரைகள், படிப்படியாக

போன சித்திரையில் ஒரு நாள் காலை திங்கள்சந்தையில் இருந்து சித்தப்பா பஸ் ஏறி வந்தார். வயது 76. கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு வெள்ளம் குடித்துவிட்டுப் பையைக் கவிழ்த்தார்.

"மக்கா, இதுல எது எப்ப தின்னணும்னு ஒரு தாள்ல எளுதித் தா. எல்லாம் குழம்பிப் போச்சு."

எண்ணினேன். பதினொன்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின்: இரண்டும் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருபவை. வயிற்றெரிச்சலுக்கு பான்டோபிரசோல். மற்ற எட்டும் 'சத்து'. வாரம் ஒன்று விழுங்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி, கால்சியத்தோடு டி3யும் கே2வும் சேர்ந்த மாத்திரை, மூத்த மகன் மஸ்கட்டில் இருந்து கொண்டு வந்த காட் மீன் ஈரல் எண்ணெய், தோலுக்கு என்று 400 யூனிட் வைட்டமின் ஈ, மூட்டுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, உறவுக்காரர் ஒருவர் விற்ற நோனிச் சாறு. கடைசியாக, இளைய மகன் ஷார்ஜாவில் இருந்து கொண்டு வந்த '50 வயதுக்கு மேல்' மல்டிவைட்டமின். அதை மட்டும் திறக்கவே இல்லை. நல்ல சாதனம், பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியில் பூட்டி வைத்து, காலாவதி ஆகி ஏழு மாதம் ஆகியிருந்தது.

மாதம் 5,200 ரூபாய் போகிறது. அவருக்கோ ஒரு வருடமாக இரண்டு பாதமும் மரத்துப் போயிருந்தது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் சந்தைக்குள் நடந்திருக்கிறார். பிறகு இரத்தம் பார்த்தபோது தெரிந்தது: அவருக்குக் குறைந்திருந்தது பி12. அவர் தினமும் விழுங்கிய எதிலும் அது இல்லை.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக 31 வருடம் மருந்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். சித்தப்பா பையை வைத்துக்கொண்டு அன்று நான் செய்ததையும், பிறகு அக்கம்பக்கத்தார் பைகளில் பார்த்ததையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை முதலிலேயே: மருத்துவர் எழுதிக் கொடுத்த எந்த மாத்திரையையும் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். கேள்வியோடு அவரிடம் போங்கள்.

முதல் படி: கொட்டி, எழுதி, கூட்டுங்கள்

வீட்டில் இருப்பதையெல்லாம் மேசையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் கதவு, தலையணை அடி, சாமி படத்துக்குப் பின்னால், எல்லா இடமும் தேடுங்கள். சாறு, பொடி, லேகியம், டானிக் எதுவும் விடக்கூடாது. பெரியவர்கள் 'மாத்திரை' என்றால் மாத்திரையை மட்டும்தான் எடுத்துத் தருவார்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விஷயம்: உள்ளே என்ன சத்து, எவ்வளவு, எப்போதிலிருந்து, யார் சொன்னது, எதற்காக. கடைசி இரண்டைத் தவறவிடாதீர்கள். சித்தப்பாவின் நோட்டில் 'யார் சொன்னது' வரிசையில் மருத்துவர் நான்கு முறைதான் வந்தார். மற்ற ஏழுக்கும் மகன்கள், மைனி, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர், யூடியூப்.

இனி கூட்டல். ஒரே சத்து வேறு வேறு பெயரில் மூன்று டப்பாவில் ஒளிந்திருக்கும். சித்தப்பாவின் வைட்டமின் டியைக் கூட்டினேன். வாரம் 60,000 என்றால் நாளுக்குச் சுமார் 8,570. கால்சியம் மாத்திரையில் 500 வீதம் இரண்டு வேளைக்கு 1,000. மீன் ஈரல் எண்ணெயில் ஒரு 400. ஆக நாளுக்குக் கிட்டத்தட்ட 10,000 யூனிட். எழுபது தாண்டியவருக்குத் தேவை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 800. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தாண்டக் கூடாத எல்லை 4,000. அந்த 60,000 மாத்திரையை மருத்துவர் எழுதியது எட்டு வாரத்துக்கு. சீட்டு தொலைந்து போனது, மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டினால் கொடுத்தார்கள், இரண்டு வருடம் ஓடியிருந்தது.

அவராவது வாரம் ஒன்றுதான் எடுத்தார். தினமும் ஒன்று விழுங்கியவர்களை மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்து, மிஞ்சினால் சிறுநீரில் போகாது, உடம்பில் சேரும். இரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், வாந்தி, பேச்சில் தடுமாற்றம், கடைசியில் சிறுநீரகம் கெடும். வீட்டில் இருப்பவர்கள் 'வயசாச்சு, அதான் குழம்புகிறார்' என்று நினைத்துக்கொள்வார்கள்.

யூனிட்டில் ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருக்கட்டும். வைட்டமின் டியில் 40 யூனிட் என்பது 1 மைக்ரோகிராம். ஒரு டப்பாவில் '25 மைக்ரோகிராம்' என்றும் இன்னொன்றில் '1,000 ஐ.யு.' என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றே.

இரண்டாம் படி: லேபிளில் எதைப் பார்ப்பது

முதலில் இது மருந்தா, உணவா என்று பிரியுங்கள். மருந்தென்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கும் தனி உரிம எண் உண்டு. சத்து டப்பா என்றால் அது சட்டப்படி உணவு: எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அடையாளமும் 14 இலக்க எண்ணும் இருக்கும். 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்றும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்திலும் ஒரு வரி கட்டாயம் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த வரி எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும். கண்ணாடி போட்டுத் தேடுங்கள். நோயைக் குணப்படுத்தும் என்று உங்களிடம் சொல்லி விற்ற டப்பாவிலேயே, இது மருந்து அல்ல என்று அதைத் தயாரித்தவரே எழுதி வைத்திருப்பார்.

'எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகாரம் பெற்றது' என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த எண் உணவு தயாரிக்கவும் விற்கவும் கொடுத்த உரிமம். பக்கத்து புரோட்டாக் கடைச் சுவரிலும் அதே மாதிரி எண் தொங்குகிறது. அதனால் புரோட்டா மூட்டுவலிக்கு மருந்தாகிவிடாது.

அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டுக்கா என்பதையும் பாருங்கள். முன்பக்கம் பெரிதாகப் போட்ட எண், பின்பக்கம் 'தினம் மூன்று' என்றால்தான் பொருந்தும். உள்ளே இருக்கும் மூலிகைகளை வரிசையாகச் சொல்லி, எது எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாமல் 'கலவை' என்று முடித்திருந்தால் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மூன்றாம் படி: வாக்கியத்தில் உண்மை எங்கே முடிகிறது?

தேங்காயெண்ணெயில் கலப்படம் செய்பவன்கூடப் பாதியாவது தேங்காயெண்ணெய் ஊற்றித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் நம்மூர்ப் பெண்கள் மணத்திலேயே பிடித்துவிடுவார்கள். உடல்நல விளம்பரமும் அப்படித்தான். முழுப் பொய்யை எடுத்து விற்க முடியாது. முதல் பாதி பள்ளிப் பாடத்தில் இருக்கும் உண்மை, இரண்டாம் பாதியில் வேறு எண்ணெய். 'இது பொய்யா?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. உண்மை எந்தச் சொல்லோடு முடிந்தது என்று தேடுங்கள்.

'வைட்டமின் டி இல்லாவிட்டால் எலும்பு பலவீனமாகும்.' உண்மை. 'அதனால் எல்லாரும் எடுத்தால் எலும்பு முறியாது.' இது வேறு எண்ணெய். அமெரிக்காவில் 25,871 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் கொடுத்துச் சுமார் ஐந்து வருடம் பார்த்தார்கள். குறைபாடு உள்ளவர்களாகப் பார்த்துச் சேர்க்கவில்லை, பொதுவான பெரியவர்கள். 2018இல் புற்றுநோயும் மாரடைப்பும் வருவது குறையவில்லை என்றும், 2022இல் எலும்பு முறிவும் குறையவில்லை என்றும் முடிவு வந்தது. அதிகம் கொடுத்தால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று உண்டு. 70 வயது தாண்டிய 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். அவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பும் அதிகம் முறிந்தது. 2010இல் வெளியானது.

'ஆன்டிஆக்ஸிடன்ட் செல்லைக் காக்கும்.' ஆய்வகத்தில் உண்மை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது மாத்திரை எடுத்தவர்களுக்கு 18 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ கதையும் இதேதான்: 35,533 ஆண்களிடம் நடந்த ஆய்வில், தினம் 400 யூனிட் எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011இல் தெரிந்தது. சித்தப்பா தோலுக்கு என்று விழுங்கியது அதே 400. அவர் முப்பது வருடம் பீடி குடித்தவர். 'கண்' மாத்திரையில் இருந்தது பீட்டா கரோட்டின். கேரட்டிலும் பப்பாளியிலும் இருப்பதும் அதே சத்துதான், அதைச் சாப்பிடுவதில் பயமில்லை. பிரித்து எடுத்து, அளவு கூட்டி மாத்திரையாக்கும்போதுதான் கதை மாறுகிறது.

கண் மாத்திரை முழுக்க ஏமாற்று என்றும் சொல்லமாட்டேன். விழித்திரை நடுப்பகுதி முதுமையால் தேயும் நோய், குறிப்பிட்ட கட்டத்தில் இருப்பவர்களுக்கு, துத்தநாகமும் சில வைட்டமின்களும் சேர்ந்த ஒரு கலவை பார்வை இழப்பைத் தாமதப்படுத்தும் என்பது 2001 ஆய்வில் தெரிந்தது; அதில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லுடீன் சேர்க்கலாம் என்று 2013 ஆய்வு சொன்னது. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்து எழுத வேண்டிய மாத்திரை அது. அந்த உண்மையை எடுத்துப் புரை உட்பட எல்லாக் கண்ணுக்கும் நீட்டிவிடுகிறார்கள். புரைக்கு மாத்திரை கிடையாது. அறுவைசிகிச்சைதான்.

நினைவாற்றலுக்கு என்று விற்கும் ஜின்கோ (ஒரு மர இலையின் சாரம்): பெரும்பாலும் 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் சோதித்ததில் மறதி நோய் வருவதைத் தடுக்கவில்லை என்று 2008இல் வந்தது. சாதாரண மல்டிவைட்டமின் நினைவுச் சோதனைகளில் சிறிது உதவுகிறது என்று அண்மைய அமெரிக்க ஆய்வுகள் சில சொல்கின்றன. சிறிது என்றால் சிறிதுதான். ஆயுள் கூடுமா என்று பார்த்தால், சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் ஆரோக்கியமான பெரியவர்களின் இருபது வருடத் தகவலை அலசி 2024இல் வெளியிட்டார்கள். தினம் மல்டிவைட்டமின் எடுத்தவர்கள் அதனால் நீண்ட நாள் வாழவில்லை.

மூட்டுவலிப் பொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாங்கி இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் தளதளவென்று ஆகிவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள். உள்ளே எழுதாத ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பல மாதம் எடுத்தவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மயங்கி விழலாம். பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உரிமம் பெற்ற வைத்தியம் வேண்டுமென்றால் நம் குமரி மாவட்டத்திலேயே, நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பேரில்லாத பொட்டலம் எதற்கு?

அடுத்தது, இலவச முகாம். கல்யாண மண்டபத்தில் மேசை, கணினி, கையில் பிடிக்க ஒரு உலோகக் குச்சி. ஒரு நிமிடம் பிடித்தால் போதும், உடம்பில் எந்த வைட்டமின் குறைவு, எந்த உறுப்பு பலவீனம் என்று முப்பது பக்கம் அச்சாகி வரும். வைட்டமின் அளவை இரத்தம் எடுக்காமல் குச்சி பிடித்துச் சொல்ல முடியாது. என் சிநேகிதி ஒருத்தி ஒரே காலையில் இரண்டு தடவை பிடித்தாள், இரண்டு தடவையும் வேறு வேறு உறுப்பு கெட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் வாங்க வேண்டிய டப்பாக்களின் பட்டியல் மட்டும் மாறவில்லை.

'பி12இல் சயனோகோபாலமின் வாங்காதே, அதில் சயனைடு இருக்கிறது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. வேதியியல் பெயரில் உண்மை, பயத்தில் பொய். அதில் வரும் அளவு கணக்கில் எடுக்க முடியாத சொற்பம். மரச்சீனியை அவித்து வெள்ளத்தை ஊற்றிவிட்டுத் தின்று தலைமுறை தலைமுறையாக வாழும் நமக்கு அந்தப் பயம் தேவையில்லை. பி12இன் இன்னொரு வகையான, விலை கூடிய மெத்தில்கோபாலமினை விற்கக் கிளம்பிய கதை அது.

சாட்சி சொல்பவர்களைப் பற்றி ஒரு வரி. 'மூணு மாசத்துல எனக்கு சுகர் 240ல் இருந்து 140' என்பவர் பொய் சொல்லாமல் இருக்கலாம். அதே மூன்று மாதம் இரவுச் சோற்றை நிறுத்தி, காலையில் நடந்திருப்பார். அதையும் சேர்த்தே முகாமில் சொல்லியனுப்பியிருப்பார்கள். பெருமை மட்டும் சாறுக்குப் போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில் கைகொடுக்கும் தந்திரம் ஒன்று. அச்சில் இருப்பதையும் வாயால் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய், புற்றுநோய், இதய நோய், இரத்த அழுத்தம், பக்கவாதம், கண்புரை உட்பட 54 நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. அதனால் நோட்டீசில் 'ஆரோக்கியத்துக்கு உதவும்' என்று மட்டும் இருக்கும். 'சுகர் போயிரும்' என்பது வாயில்தான் வரும். அப்போது பில்லை நீட்டி, "அதை இதுல எளுதி ஒரு கையெழுத்து போட்டுத் தாருங்க" என்று கேளுங்கள். இதுவரை யாரும் எனக்குப் போட்டுத் தந்ததில்லை.

நான்காம் படி: உங்களுக்கு உண்மையிலேயே எது வேண்டும்

சத்து மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பி12க்காக ஓரிரு பாரா ஒதுக்குகிறேன், நம்மூரில் அதிகம் தவறவிடுவது அதைத்தான்.

மீன், முட்டை, இறைச்சி, பாலில் இருக்கும் பி12ஐ உணவிலிருந்து பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். வயதானால் அமிலம் குறையும். அதற்கு மேல் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வருடக்கணக்காக எடுத்தால் இன்னும் குறையும். மெட்ஃபார்மின் குடலில் உறிஞ்சுவதைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால்? சித்தப்பா. தினம் சாளை மீன் தின்பவருக்கு எப்படிக் குறையும் என்று அவர் என்னோடு வாதாடினார். தட்டில் இருந்தது, உடம்புக்குப் போகவில்லை. சுத்த சைவக்காரர்களுக்கு, பாலும் தயிரும் குறைவாக எடுத்தால், இன்னும் எளிதாகக் குறையும்.

அறிகுறிகள் மெதுவாக வரும்: பாதம் மரத்தல், தள்ளாட்டம், நாக்கு சிவந்து எரிதல், களைப்பு, மறதி. எல்லாவற்றையும் 'சுகர்' தலையில் கட்டிவிடுவோம். மெட்ஃபார்மினை வருடக்கணக்காக எடுப்பவர்கள் மருத்துவரிடம் பி12 பரிசோதனை கேட்கலாம். இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பைகோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைபாடு. தினம் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான், ஆனால் மாத்திரை 1,000 மைக்ரோகிராம் இருக்கும். ஏன்? வழக்கமான வழி அடைபட்டாலும் சுமார் ஒரு சதவீதம் தானாகவே குடலில் ஊறி உள்ளே போகும். ஆயிரத்தில் ஒரு சதவீதம் பத்து, அதுவே தாராளம். நரம்பு பாதிப்பு கூடுதலாக இருந்தால் முதலில் ஊசி போடுவார்கள். பி12 குறைவா என்று பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் அதிகமாக எடுப்பது ஆபத்து. இரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

'நரம்பு மாத்திரை' வாங்கும்போது இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, மெத்தில்கோபாலமினோடு பிரீகபாலின் சேர்ந்த அட்டைகள். அது வைட்டமின் அல்ல, நரம்புவலி மருந்து. தலை சுற்றும், தூக்கம் வரும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவார்கள். இன்னொன்று பி6. அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே கை கால் மரத்துப்போகச் செய்யும். மரமரப்புக்கு எடுக்கும் மாத்திரையே மரமரப்பைத் தருவது எத்தனை பேருக்குத் தெரியும்?

வைட்டமின் டிக்கு வருவோம். வெயில் கொட்டும் ஊரில் எப்படிக் குறையும் என்றால், நாம் வெயிலில் இல்லை, நிழலில் இருக்கிறோம். எழுபது வயதுத் தோல் இருபது வயதுத் தோல் தயாரிப்பதில் பாதிகூடத் தயாரிப்பதில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்ப்பது மனதுக்கு நல்லது, வைட்டமினுக்கு அல்ல: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அது உண்டாகும். பத்து மணிக்கு மேல் கால் மணி நேரம், தலையில் துண்டு, கை கால் வெளியே. வீட்டை விட்டு இறங்க முடியாதவர்கள், எலும்பு தேய்வு உள்ளவர்கள், விழுந்து முறிந்தவர்களுக்கு மாத்திரை அவசியமாகலாம். அளவும், எப்போது நிறுத்துவது என்ற தேதியும் மருத்துவர் எழுத வேண்டும்.

கால்சியம் உணவு, மாத்திரை எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. போதும். உணவில் வருவதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் மாத்திரை. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

இரும்பு பற்றிச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக: அறுபது தாண்டியவருக்கு இரும்புக் குறைவு என்று வந்தால் டானிக் வாங்குவதற்கு முன், இரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். வயிற்றுப் புண், குடல் புற்றுநோய், கொக்கிப்புழு, வலி மாத்திரையால் வரும் கசிவு, எதுவாகவும் இருக்கலாம். டானிக் நிறத்தை ஏற்றிக் காட்டும், காரணத்தை மறைத்துவிடும்.

ஐந்தாம் படி: எது எதோடு மோதும்

வால்வு மாற்றியவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் எடுப்பவர்கள், இப்போது எலும்பு மாத்திரைகளில் சேர்ந்து வரும் கே2வைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். வைட்டமின் கே அந்த மருந்துக்கு நேர் எதிரி. வைட்டமின் ஈயும் மீன் எண்ணெயும் அதிகமானால் மறுபக்கம் இழுக்கும், இரத்தக் கசிவு கூடும்.

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிட்டு, 'தைராய்டு குறையவே மாட்டேங்குது' என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்கள் நோனி போன்ற சாறுகளைத் தொட வேண்டாம். பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பே தடுமாறும். முடிக்கு என்று எடுக்கும் பயோட்டின் தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டலாம். இரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்தால் இந்த நோட்டை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறாம் படி: சந்தைக்குப் போங்கள்

நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு தின்றால் கால்சியம். பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் கழுவிவிட்டு, அளவாக. சாளையிலும் அயிலையிலும் ஒமேகா 3, பி12, கொஞ்சம் டி, மூன்றும் வருகிறது. டப்பாவில் அடைத்த மீன் எண்ணெய் கடல் கடந்து வருகிறது, குளச்சல் மீன் மதியத்துக்குள் வீட்டு வாசலில். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால், முட்டை. பல் இல்லாதவர்களுக்கு மீனைப் பிசைந்து முள் எடுத்துக் கொடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர் சாயாவும் ரஸ்க்கும் தின்று மூன்று வேளையைக் கடத்துகிறார்கள். அவர்களுக்கு மல்டிவைட்டமின் ஒன்று கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புரதம் அதில் வராது.

ஏழாம் படி: விற்பவர் சொந்தக்காரராக இருந்தால்

இதுதான் கஷ்டமான படி. நம் மாவட்டத்தில் சத்து டப்பா விற்பவர் பெரும்பாலும் முகம் தெரியாதவர் அல்ல. மைனி, கோயில் கமிட்டிக்காரர், சர்ச்சில் அடுத்த பெஞ்சில் இருப்பவர், ஓய்வு பெற்ற சக ஆசிரியர். அவரும் யாரோ சொன்னதை நம்பி முதல் போட்டு, வீட்டில் இருபது டப்பா அடுக்கி வைத்திருப்பார். 'ஏமாற்றுறியா' என்று கேட்டால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. நான் சொல்லச் சொல்வது: "எனக்கு ரத்தம் உறையாத மருந்து இருக்கு மைனி, டாக்டர் கிட்ட காட்டாம ஒண்ணும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கார். டப்பாவை போட்டோ எடுத்துக்கிடுறேன்." டப்பா வாங்குவது தள்ளிப் போகும், உறவு முறியாது.

ஆனால் அவர் உங்களையும் ஆள் சேர்க்கச் சொல்லி, சேர்ப்பதற்கே பணம் என்றால் அது வியாபாரமல்ல. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் அத்தகைய பிரமிட் திட்டங்களைத் தடை செய்கின்றன.

சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாராவது விற்றால் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். பில், லேபிள் படம், பேசிய வீடியோ, வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் 1800112100. நாகர்கோவிலில் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகம் இருக்கிறது, நேரில் எழுதியும் கொடுக்கலாம். உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

எட்டாம் படி: மருத்துவரிடம் நோட்டோடு

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியானாலும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமானாலும் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். கதை சொல்லி அதைத் தீர்க்காதீர்கள். நோட்டைத் திறந்து வைத்து நான்கு கேள்வி: இதில் எனக்கு எது வேண்டும், எது என் மருந்தோடு மோதும், எதை எந்தத் தேதியில் நிறுத்த, எந்தப் பரிசோதனையை எப்போது திரும்பச் செய்ய?

சித்தப்பாவோடு நானும் போனேன். ஈ, கண் மாத்திரை, ஈரல் எண்ணெய், சாறு, மூட்டு மாத்திரை ஐந்தும் அன்றே நின்றன. வைட்டமின் டி நிறுத்தி, கால்சியம், சிறுநீரகம், டி அளவு மூன்றும் பார்த்தார்கள். நல்லவேளை, கால்சியம் மேல் எல்லையை ஒட்டி நின்றது, தாண்டவில்லை. பான்டோபிரசோல் படிப்படியாகக் குறைந்தது. பி12 ஊசி சில வாரம், பிறகு மாத்திரை. கால் மரமரப்பு பாதி குறைந்திருக்கிறது. மீதி சர்க்கரையால் வந்ததாக இருக்கலாம், முழுக்கப் போகாது என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார்.

காலாவதியான டப்பாக்களை ஆற்றிலோ குளத்திலோ கொட்ட வேண்டாம். மாத்திரையைப் பிரித்துச் சாம்பலிலோ சாயாச் சண்டியிலோ (தேயிலைச் சக்கை) கலந்து, கட்டி, குப்பை வண்டியில் போடுங்கள். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டினால் இரும்பு மாத்திரை உயிருக்கே ஆபத்து.

இளைய மகன் போன மாதம் ஷார்ஜாவில் இருந்து வந்தான். புறப்படும் முன் எனக்குப் போன் செய்து, அப்பாவுக்கு என்ன வாங்க என்று கேட்டான். குதிகால் வார் வைத்த, உள்ளே மெத்தென்ற செருப்பு, ஒன்பதாம் நம்பர் என்றேன். சித்தப்பா அதை அலமாரியில் பூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது சித்திக்கு.